பழகிய படத்தைப் புதிதாகப் பார்க்க: 'தி ஃபிஃப்த் எலிமெண்ட்', ஒரு தையல்காரியின் முறை

பிடித்த படத்தை மறுபடி பார்க்க உட்காரும்போது கதையை விட்டுவிடுங்கள். அதுதான் தெரியுமே. ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, முதல் காட்சியிலிருந்து கடைசிவரை அதன் பின்னாலேயே போங்கள். ஒரு நாள் துணிமணி. இன்னொரு நாள் சத்தம். வேறொரு நாள், நாயகனுக்குப் பின்னால் நடந்துபோகும் பெயர் தெரியாத ஆட்கள். எல்லாப் படமும் இதற்குத் தாங்காது. இரண்டாம் தடவையே வெளுத்துவிடும் படங்கள்தான் அதிகம். 1997-ல் வந்த அறிவியல் புனைவுப் படமான 'தி ஃபிஃப்த் எலிமெண்ட்' தாங்கும். அதை எப்படிப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று எங்கள் வீட்டு அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருப்பவள். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், நாங்கள் வளர்ந்தது தோட்டத்து வரிசை வீடான லயத்தில். இந்தப் படம் எங்களுக்கு வந்தது தம்பி வாங்கி வந்த விசிடியில். ஒரு விசிடியில் 74 நிமிடம்தான் அடங்கும், படமோ 126 நிமிடம். அதனால் இரண்டு தட்டு. படம் மங்கல், முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். அப்படியிருந்தும் நாயகன் கோர்பனாக வரும் ப்ரூஸ் வில்லிஸ் போட்டிருந்த ஆரஞ்சு பனியன் கண்ணில் அறைந்தது. யார் தைத்தது என்ற கேள்வி அன்று பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

தைத்தது, சரியாகச் சொன்னால் வடிவமைத்தது, பாரிஸ் உடை வடிவமைப்பாளர் ழான் போல் கோத்தியே. இந்த ஒரு படத்துக்கு 900-க்கும் மேற்பட்ட உடைகள். இயக்குநர் லுக் பெஸோன் 16 வயதில் எழுதத் தொடங்கிய கதை இது. இருட்டான விண்கலங்களையும் மங்கலான நடைபாதைகளையும் பார்த்துச் சலித்துப்போய், பட்டப்பகல் வெளிச்சத்தில் ஓர் எதிர்காலம் வேண்டும் என்று நினைத்தவர் அவர். அதற்காக மோபியஸ், ழான் க்ளோத் மெசியேர் என்ற இரண்டு பிரெஞ்சு சித்திரக்கதை ஓவியர்களைக் கூட்டிக்கொண்டார். நாயகன் கோர்பன் முதலில் டாக்சி ஓட்டுநரே இல்லை, தொழிற்சாலை ஆள். மெசியேர் வரைந்த பறக்கும் டாக்சியைப் பார்த்த பிறகுதான் பெஸோன் அவனை டாக்சியில் ஏற்றினார். ஒரு படம் வரைந்தவர் கையில் கதையே திரும்பியிருக்கிறது. அதனால்தான் இந்தப் படத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் பிரதி, அப்புறம் டிவி

2017-ல் வந்த 4கே தட்டு கிடைத்தால் அதுதான் நல்லது. புளூரே வாங்குவதாக இருந்தால் 2006-ல் வந்த முதல் பதிப்பை விட்டுவிட்டு, 2007-ல் மறுபடி சுத்தம் செய்து வெளியிட்டதைப் பாருங்கள். முதல் பதிப்பின் படத் தரத்தைப் பற்றிப் பலர் குறை சொன்னதால்தான் அடுத்தது வந்தது. சந்தா கட்டிப் பார்க்கும் செயலிகளில் படம் இன்று இருக்கும், நாளை இருக்காது. ரொம்பப் பிடித்த படத்துக்கு வீட்டில் ஒரு தட்டு இருப்பது நல்லது.

டிவியில் பார்ப்பதென்றால் கடையிலிருந்து வந்த அமைப்பிலேயே விடாதீர்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக 'விவிட்' என்ற அமைப்பில் வைத்திருப்பார்கள். அதை 'சினிமா' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' என்று மாற்றுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். சினிமா என்பது நொடிக்கு 24 படம். டிவி தானாக நடுவில் படங்களைச் செருகினால் டாக்சி துரத்தல் முழுவதும் தொலைக்காட்சி நாடகம் ஆகிவிடும்.

நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு மூன்று உடைகள் போதும். கோர்பனின் ஆரஞ்சு பனியனில் வயிற்றுப் பக்கத்து மடிப்புகள் தெரிய வேண்டும். மடிப்பே தெரியாமல் ஒரே ஆரஞ்சுத் திட்டாக இருந்தால் நிறத்தைக் குறையுங்கள். நாயகி லீலுவின் வெள்ளைப் பட்டை உடையில் ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் தனியாகத் தெரிய வேண்டும். வெள்ளை எரிந்து எல்லாம் ஒன்றாகிவிட்டால் கான்ட்ராஸ்ட் அதிகம். போலீஸ்காரர்களின் கறுப்புக் கவசத்தில் தட்டுகள் பிரிந்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிரைட்னஸை ஒரு புள்ளி ஏற்றுங்கள். இந்த மூன்றும் அமைந்தால் மற்றது தானாக அமைந்துவிடும்.

திரை தைப்பது

டிவியில் பார்ப்பதைவிட எனக்குப் பிடித்தது துணியில் பார்ப்பது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை அம்மா இன்றைக்கும் ஆசையாகச் சொல்வார்: பாய் எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் இடம் பிடிப்பார்களாம், மறுநாள் விடிவதற்குள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்ற கவலையே இருக்காதாம். சின்ன புரொஜெக்டர் ஒன்று இருந்தால் அதை வீட்டு ஹாலிலேயே செய்துவிடலாம்.

துணிக்கு நான் சொல்வது, ஜன்னல் திரைக்கு உள்பக்கம் வைக்கும் பிளாக்அவுட் துணி. வெள்ளை நிறம், மினுக்கமில்லாத பக்கம் முன்னால். ஈப்போ லிட்டில் இந்தியாவில் துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். தந்த நிறத்தை வெள்ளை என்று சொல்லித் தருவார்கள், வெயிலில் ஒரு வெள்ளைத்தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். சாட்டின் வேண்டவே வேண்டாம், விளக்கு நடுவில் ஒரு பொட்டாக மின்னும். சாதாரணப் பருத்தி மட்டும்தான் கிடைத்தது என்றால் பின்னால் ஒரு கறுப்புத் துணி வைத்துத் தையுங்கள், வெளிச்சம் ஊடுருவிப் போகாது.

அளவு இப்படி. 60 அங்குல அகலத் துணியில் மூன்று மீட்டர் வாங்குங்கள். அதைப் படுக்கை வசத்தில் பிடித்தால் நடுவில் ஒட்டுத்தையலே வராது. ஒட்டுத்தையல் இருந்தால் படம் முழுக்க லீலுவின் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடும். படத்தின் அகலத்தை 8 அடி என்று வைத்துக்கொள்வோம். புரொஜெக்டரின் சட்டம் 16-க்கு 9, அதனால் உயரம் 54 அங்குலம். மிச்சம் 6 அங்குலம். அதில் மேலே மூன்று, கீழே மூன்று மடித்துத் தைத்தால் பிவிசி குழாய் நுழைகிற குழல் கிடைக்கும். மேல் குழாய் தொங்குவதற்கு, கீழ்க் குழாய் பாரத்துக்கு. கீழ்க் குழாயில் கொஞ்சம் மணல் போட்டு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் துணி விறைப்பாக நிற்கும்.

இனி ஒரு நுணுக்கம். இந்தப் படம் அகன்ற படம், உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம். 8 அடி அகலத்தில் படம் நிஜமாக நிரப்புவது 40 அங்குல உயரம்தான். மேலும் கீழும் ஏழேழு அங்குலம் சும்மா சாம்பல் நிறத்தில் தெரியும். அந்த இடத்துக்கு மினுக்கமில்லாத கறுப்புத் துணியில் இரண்டு பட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெல்க்ரோவில் ஒட்டினால் வேறு படத்துக்குக் கழற்றிவிடலாம். கறுப்பு ஓரம் வைத்ததும் அதே படம், அதே விளக்கு, நிறம் மட்டும் ஒரு படி தூக்கிக் கொடுக்கும். ரவிக்கைக்குக் கரை வைத்த பிறகு உடல் துணியின் நிறம் எடுப்பாகத் தெரியும் என்பது தைப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

புரொஜெக்டரை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்கு அதன் அட்டையில் ஓர் எண் இருக்கும், படத்தின் அகலத்தை அதால் பெருக்கினால் தூரம் வரும். 1.2 என்று போட்டிருந்தால் 8 அடி அகலத்துக்கு 9.6 அடி தள்ளி வைக்க வேண்டும். உங்கள் ஹால் அதைவிடச் சிறியதென்றால் அகலத்தைக் குறைத்துக்கொண்டு பிறகு துணி வெட்டுங்கள். சாமி மேடையின் சிவப்பு விளக்கை அணைக்கத் தேவையில்லை. விளக்கு இருக்கும் அதே சுவரில் சற்றுத் தள்ளித் திரையைக் கட்டினால் அதன் வெளிச்சம் துணிமேல் விழாது. எதிர்ச்சுவரில் கட்டினால்தான் சிவப்புப் படியும்.

சத்தமும் நேரமும்

நம் பக்கத்தில் சாயங்காலம் ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். எட்டரைக்கு மேல் ஆரம்பியுங்கள். அக்டோபர், நவம்பரில் மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தகரக் கூரையில் மழை விழும்போது இந்தப் படத்தைப் போடாதீர்கள், ஒரு வசனம் கேட்காது. எனக்கு எப்படியும் தீபாவளி முடியும் வரை ஊசியை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. ஆர்டர் எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, பள்ளி விடுமுறையில் அண்ணன் பிள்ளைகள் வரும்போது போடுவேன்.

புரொஜெக்டருக்குள் இருக்கும் ஒலிபெருக்கி போதாது. தனி ஸ்பீக்கர் வையுங்கள், ஆனால் புளூடூத்தில் இணைக்காமல் ஒயரில் இணையுங்கள். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். மற்ற காட்சிகளில் தெரியாது, படத்தில் வரும் வேற்றுக்கிரக நீலப் பாடகி பாடும்போது வாயும் குரலும் பிரிந்துவிடும். ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே நடுவில் வையுங்கள். மூலையில் வைத்தால் அடிச்சத்தம் உறுமி வசனத்தை விழுங்கிவிடும்.

கூட உட்காருபவர்களில் யாருக்காவது படம் புதிது என்றால், நடுவில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே நாலு வரியில் சொல்லிவிடுங்கள். 5,000 ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருந்தீமை, அதைத் தடுக்க நீர், நெருப்பு, மண், காற்று என்று நான்கு கற்கள், அவற்றோடு சேர வேண்டிய ஐந்தாவது ஒன்று, அதுதான் லீலு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஐம்பூதத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை, சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும்: லீலுவை உருவாக்கும் காட்சியில் உடம்பில் துணி குறைவு, பிற்பாதியில் துப்பாக்கிச் சண்டை நிறைய. அப்புறம், கணினியில் மனித வரலாற்றை எழுத்து வரிசையில் படித்துக்கொண்டே போகும் லீலு, போர் என்ற இடத்துக்கு வந்ததும் உடைந்து அழுவாள். அண்ணன் மகள் அந்த இடத்தில் "அத்தை, அவள் ஏன் அழுகிறாள்?" என்று கேட்டாள். படத்தை நிறுத்தி, பேசி முடித்துவிட்டுத்தான் மறுபடி போட்டேன். நிறுத்தத் தயங்காதீர்கள், ஏற்கெனவே பார்த்த படம்தானே.

இடைவேளை விடுவதென்றால், விமான நிலையத்தில் ஆளாளுக்கு நான்தான் கோர்பன் என்று வந்து நிற்கும் குழப்பம் முடிந்து, எல்லாரும் ஏறியதும் விடுங்கள். கொறிப்பதற்கு வைத்திருக்கும் கச்சாங் பூத்தேயை அப்போது வெளியே எடுக்கலாம். முன்னாலேயே கொடுத்தால் பொட்டலம் நொறுநொறுக்கும் சத்தம் தாங்காது.

துணிக்கு ஒரு நாள்

இது என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

படம் 1914 எகிப்தில் தொடங்குகிறது. கோவில், மணல், காக்கி, பழுப்பு. அந்தப் பழுப்பைக் கண்ணில் நன்றாக ஊற விடுங்கள். பிறகு 2263-க்குத் தாவி, சின்ன அறையில் கோர்பன் எழுந்திருக்கும்போது அந்த ஆரஞ்சு வரும். கோத்தியே அந்தப் பனியனை ரப்பரில் செய்தார். இதைச் சொன்னதும் அம்மா மூக்குக்கண்ணாடி எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். மரத்தில் பால் வடியும் மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் பிடுங்கி மூட்டை கட்டிய கை அவருடையது. "இது வேர்வையை வெளியே விடாதே, அந்த ஆள் எப்படிப் போட்டுக்கொண்டு ஓடினான்?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. ரப்பர் மூச்சு விடாது. அதன் மடிப்பும் துணி மடிப்பு மாதிரி கூராக விழாது, உருண்டையாக விழும், உருண்ட இடத்தில் ஒளி ஒரு கோடாக நிற்கும். அதைத் தேடிப் பாருங்கள். ரப்பர் தாளை ஊசியால் தைத்தால் துளையிலிருந்து கிழியும், அதனால் பெரும்பாலும் பசையில்தான் ஒட்டுவார்கள். லீலு பிறகு போடும் ஆரஞ்சுத் தோள்பட்டியும் அதே குடும்பம். அவனுக்கும் அவளுக்கும் ஒரே நிறம், ஒரே பொருள். இருவரும் சேரப் போகிறார்கள் என்பதைக் கதைக்கு முன்னால் உடை சொல்லிவிடுகிறது.

லீலுவின் முதல் உடையான வெள்ளைப் பட்டைகளைப் பார்க்கும்போது, அவள் கட்டட விளிம்பிலிருந்து குதித்து டாக்சிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழும் காட்சியில் கவனம் வையுங்கள். அவ்வளவு அசைவில் எந்தப் பட்டையும் இடம் மாறவில்லை. வெறுமனே சுற்றிவிட்ட துணி அப்படி நிற்காது. நீட்சியுள்ள துணியை உடம்பு அளவுக்கு எங்கெங்கோ பிடித்திருக்கிறார்கள், எங்கே என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ் டக்கர் நடித்த வானொலித் தொகுப்பாளன் ரூபி ராட் வந்ததும் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பாருங்கள். முதலில் சிறுத்தைப்புள்ளி உடை. புள்ளித் துணியில் தைத்தவர்களுக்குத் தெரியும், மூட்டுகளில் புள்ளி சேரவில்லை என்றால் உடை மட்டமாகிவிடும். பிறகு கறுப்பு உடை, கழுத்தைச் சுற்றி ரோஜாக்கள். அந்தக் கழுத்து அவன் தலையை ஒரு தட்டில் வைத்துக் காட்டுகிறது. எவ்வளவு கத்தினாலும் ஆள் அசிங்கமாகத் தெரியாததற்கு உடைதான் காரணம் என்பது என் முடிவு. கேரி ஓல்ட்மன் நடித்த வில்லன் சோர்குக்கு ஏறின கழுத்துக் கோட்டு, தலையில் ஒட்டின கண்ணாடி பிளாஸ்டிக்.

உடை நாளில் எனக்கு மிகப் பிடித்தது யாரும் பேசாத ஒன்று. கோர்பன் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் திருடன் தலையில் ஒரு தொப்பி இருக்கும். அதன்மேல் வெறும் நடைபாதையின் படம். கதவு ஓட்டையில் பார்த்தால் ஆளே இல்லை என்று தோன்றுவதற்காக. ஒரு தொப்பி அங்கே களவுக் கருவியாகிவிட்டது.

சத்தத்துக்கு ஒரு நாள்

இசை எரிக் செர்ரா. இந்த நாளில் ஒரு காட்சியை மட்டும் மூன்று விதமாகப் பார்க்கச் சொல்வேன். நீலப் பாடகி மேடைக்கு வரும் காட்சி. நடித்தவர் மைவென், குரல் அல்பேனியப் பாடகி இன்வா முலாவுடையது. பாட்டு இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் 1835-ஆம் ஆண்டு இசைநாடகத்தில் வருவது, பிறகு அது செர்ராவின் தாளத்துக்கு மாறுகிறது. முதலில் கண்ணை மூடிக் கேளுங்கள். மாறும் இடத்தில் சில சுரங்கள் ஒரு தொண்டையால் அவ்வளவு வேகமாகத் தாவ முடியாதவை, தனித்தனியாகப் பாட வைத்துக் கணினியில் கோத்தார்கள். அடுத்து, சத்தத்தை அடைத்துவிட்டு லீலுவின் சண்டையை மட்டும் பாருங்கள். கடைசியாக இரண்டையும் சேர்த்து. அடி விழுவது தாளத்தில் விழும், பாடகியின் கை நீளும்போது லீலுவின் கை நீளும். பரதம் கற்ற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும்.

பின்னணிக்கு ஒரு நாள்

நியூயார்க் நகரத்தின் கட்டடங்கள் பெரும்பாலும் சிறிய மாடல்களாகச் செய்து படம் பிடித்தவை. இந்த வேலைக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. ஜன்னல்களைப் பாருங்கள், உள்ளே வீடு இருக்கும். கோர்பன் வீட்டில் குளிர்பெட்டி இறங்க, குளிக்கும் இடம் வருகிறது. சிகரெட்டில் முக்கால்வாசி வடிகட்டிதான். விமான நிலையத்தில் குப்பை மலையாகக் கிடக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாப்பாட்டுக்காரர் பறக்கும் படகில் ஜன்னலுக்கே வந்து சமைத்துத் தருவார். மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு தாமான் குடியிருப்புச் சந்துக்குள் வரும் நம் ரொட்டிக்காரரைப் போலவே அவருக்கும் யார் என்ன சாப்பிடுவார், யாருக்கு வேலை போனது என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

இதே நாளில் இன்னொன்றையும் சரிபார்க்கலாம். நாயகனும் வில்லனும் இந்தப் படத்தில் ஒரு தடவைகூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை, ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. லிஃப்ட் வாசலில் கொஞ்ச நேர வித்தியாசத்தில் தவறிவிடுகிறார்கள். தெரிந்தே பார்க்கும்போதுதான் அந்த இடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நிறுத்தி வரைவது

தைக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. கையில் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு, படத்தை நிறுத்தி நிறுத்தி உடைகளை வரையுங்கள். முதலில் வெளிக்கோடு, பிறகு தையல் எங்கே போகிறது என்று புள்ளிக்கோடு, ஓரத்தில் என்ன துணியாக இருக்கும் என்ற ஊகம். விமானப் பணிப்பெண்களின் இளநீல உடையில் தொடங்குங்கள். வெட்டு சுலபம், காட்சியும் நீளம், கை பழகும். அதன் பிறகு ரூபி ராடின் ரோஜாக் கழுத்து. கோர்பனின் பனியனை முன்பக்கத்தோடு விட்டுவிடாதீர்கள். அவன் திரும்பும் வரை காத்திருந்து நிறுத்துங்கள், முதுகுப் பக்கத்து வெட்டு முன்பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அதைத் தாளில் கொண்டுவர ஒரு மாலை முழுக்கப் பிடிக்கும். என் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக அதைத்தான் கொடுக்கிறேன், பொத்தான் துளை போடுவதுகூட அதற்குப் பிறகுதான்.